யார் கை ஓங்கியிருக்கு?

2025 நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. நவி மும்பையில் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் ஆடிய பெண்கள் கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். மழையால் ஆட்டம் தாமதமாகத்தான் தொடங்கியது, முடிவு தெரிய நள்ளிரவு ஆகிவிடும் என்று முன்பே சொல்லிவிட்டேன். ஆனாலும் வழக்கமாக ஒன்பதரைக்கே படுத்துவிடுகிற அம்மா அன்று படுக்கவில்லை, முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தென்னாப்பிரிக்கக் கேப்டன் லாரா வோல்வார்ட் சதம் அடித்துவிட்டு அசையாமல் நிற்கிறார். தீப்தி சர்மா போட்ட பந்தை அவர் தூக்கி அடிக்க, அமன்ஜோத் கவுர் ஓடி வந்து பிடிக்கப் போனார். பந்து கையில் பட்டு எகிறியது, மறுபடி பிடிக்கப் போனார், மறுபடியும் எகிறியது, கடைசியில் தரையில் விழுந்தபடியே பிடித்துவிட்டார். நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு விளக்கு எரிந்தது. அம்மாவும் கைதட்டினார். தட்டிவிட்டு என்னைப் பார்த்து, "ஏம்மா, இப்ப யார் கை ஓங்கியிருக்கு?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் டிவியில் இல்லை. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு முழுக்க எழுதப் போகிறேன்.

இல்லை என்று சொன்னாலும், பதிலுக்கு வேண்டிய எண்களெல்லாம் திரையின் அடியில் ஒரு பட்டையில் ஓடிக்கொண்டுதான் இருந்தன. இரண்டு நாடுகளின் பெயர்ச் சுருக்கம், ஒரு எண், கோடு, இன்னொரு எண், புள்ளி வைத்து ஒரு எண், அப்புறம் ஆங்கிலத்தில் மூன்று மூன்று எழுத்தாக என்னென்னவோ. அம்மா கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் இருபது வருஷத்துக்கு மேல் கணக்குப் பார்த்தவர். எண்களைக் கண்டு மிரளுகிற ஆள் கிடையாது. அவர் கேட்டது இதுதான்: "41.5க்கு அப்புறம் 41.6 வரணும், ஏன் 42ன்னு வருது?" அந்தப் புள்ளி தசமப் புள்ளி இல்லை, 41 ஓவர் முடிந்து அடுத்த ஓவரில் ஐந்து பந்து போட்டாயிற்று என்று அர்த்தம், ஓவருக்கு ஆறு பந்து, அதனால் ஆறாவது பந்தோடு 42 ஆகிவிடும் என்று சொன்னேன். ஒரு நொடியில் புரிந்துகொண்டார். இத்தனை வருஷம் வீட்டில் கிரிக்கெட் ஓடியிருக்கிறது, ஒரு தடவைகூட எந்த வர்ணனையாளரும் இதைச் சொல்லி அவர் கேட்டதில்லை.

வோல்வார்ட் அவுட்டானதும் நான் அம்மாவுக்குச் சொன்னது இவ்வளவுதான்: "அவங்களுக்கு இன்னும் எண்பது ரன் கிட்ட வேணும், ஓவருக்கு ஒன்பது மாதிரி அடிக்கணும், நல்லா ஆடுறவங்க எல்லாரும் போயாச்சு, மிச்சம் இருக்கிறதுல ஒருத்தர் மட்டும்தான் பெரிய அடி அடிப்பாங்க. நம்ம கைதான் ஓங்கியிருக்கு." இதைச் சொல்ல எனக்குப் பத்து நொடி ஆனது. வர்ணனையில் அந்த நேரம் இரண்டு பேர் அந்தக் கேட்ச்சைப் பற்றி ஆஹா ஓஹோ என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பேச வேண்டிய கேட்ச்தான், நானே கத்தினேனே. ஆனால் அந்தப் பத்து நொடியை யாராவது ஒருவர் ஒதுக்கியிருந்தால், அந்த ராத்திரி முழித்துக்கொண்டிருந்த எத்தனையோ அம்மாக்களுக்கு அந்தக் கேட்ச் எவ்வளவு பெரியது என்று முழுசாகத் தெரிந்திருக்கும்.

எங்கள் அப்பா ரேடியோவில் கிரிக்கெட் கேட்டவர். 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடி 'டை' ஆன, அதாவது சமனில் முடிந்த டெஸ்ட்டைப் பற்றி அவர் சொல்லாத நாள் கிடையாது. கடைசி நாளில் இந்தியாவுக்கு 348 ரன் வேண்டும். கடைசி ஓவர் வரை இழுத்துக்கொண்டு போய், ரவி சாஸ்திரி ஒரு ரன் எடுத்துச் சமன் செய்துவிட்டு எதிர்முனைக்குப் போய்விட, கிரெக் மேத்யூஸ் பந்தில் மணிந்தர் சிங் எல்பிடபிள்யூ, அதாவது ஸ்டம்புக்குப் போகிற பந்து காலில் பட்டு அவுட். 347க்கு ஆல் அவுட். அப்பா இதைக் கேட்டது டீக்கடை ரேடியோவில், ஆங்கிலத்திலும் இந்தியிலும் மாறி மாறி வந்த வர்ணனையில். அவருக்கு ஆங்கிலம் அரைகுறை, இந்தி சுத்தமாகத் தெரியாது. எப்படிப்பா புரிஞ்சுது என்று நான் கேட்டதற்கு அவர் சொன்னார், "அவங்கதான் நிமிஷத்துக்கு ஒரு தடவை ஸ்கோரைச் சொல்லிட்டே இருப்பாங்களே."

இதை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். தெரியாத மொழியில் அப்பாவுக்கு ஆட்டம் புரிந்தது. தெரிந்த மொழியில், படத்தோடு, அம்மாவுக்குப் புரியவில்லை.

ரேடியோ வர்ணனையாளருக்கு ஒரு பயம் உண்டு. இப்போதுதான் ஒருவர் வயலிலிருந்து வந்து பெட்டியைத் திருகியிருப்பார், அவருக்கு ஒன்றுமே தெரியாது, அவரை விட்டுவிடக் கூடாது என்கிற பயம். அதனால் யார் பந்து போடுகிறார், எந்தப் பக்கத்திலிருந்து ஓடி வருகிறார், பந்து எங்கே விழுந்தது, மட்டையாளர் என்ன செய்தார், பந்து எங்கே போகிறது, யார் துரத்துகிறார், எத்தனை ரன், மொத்தம் எத்தனை, எத்தனை விக்கெட், இன்னும் எவ்வளவு வேண்டும் என்று எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும், அடுத்த பந்துக்கும் மறுபடி சொல்ல வேண்டும். தமிழில் இதைச் செய்து காட்டியவர்களில் எங்கள் மாவட்டத்துக்காரரான சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரை மறக்கவே முடியாது. அகில இந்திய வானொலியில் அவருடைய குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்றைக்கும் அவர் தமிழைப் பற்றிப் பேசுவார்கள். மைதானமே கண்ணுக்குள் வந்துவிடும் என்பார் அப்பா.

டிவிக்கு அந்தப் பயம் இல்லை. படம் இருக்கிறதே, பார்க்கிறவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறது. படம் எல்லாவற்றையும் காட்டும்தான், ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்று படம் சொல்லாது. ஃபீல்டரை இரண்டடி தள்ளி நிறுத்துகிறார்கள், அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வேகப்பந்து வீச்சாளர் பந்தின் ஒரு பக்கத்தை மட்டும் பேண்ட்டில் தேய்க்கிறார், அதற்கும் காரணம் இருக்கிறது. தெரிந்தவருக்கு அது ஆட்டத்துக்குள் நடக்கிற இன்னொரு ஆட்டம். தெரியாதவருக்கு அது வெறும் இடைவெளி, அந்த இடைவெளியில் விளம்பரம் வந்துவிடுகிறது.

சரி, எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டே இருந்தால் விவரம் தெரிந்தவர்களுக்குச் சலிக்காதா என்று கேட்பீர்கள். என் தம்பி கேட்டான். இங்கிலாந்தில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். 1999இல் அதுவரை பிபிசியிடம் இருந்த டெஸ்ட் ஒளிபரப்பைத் தன் பக்கம் கொண்டுவந்த சேனல் 4, சைமன் ஹியூஸ் என்கிற முன்னாள் பந்துவீச்சாளரை மைதானத்துக்கு வெளியே நிற்கிற வண்டியில் வீடியோ டேப்புகளோடு உட்கார வைத்தது. இந்தப் பந்து ஏன் உள்ளே வந்தது, அந்த பேட்ஸ்மேன் கால் ஏன் தப்பாகப் போனது என்று பந்தை நிறுத்தி நிறுத்திக் காட்டுவதுதான் அவர் வேலை. பந்து போகிற பாதையைக் கணித்துக் காட்டுகிற ஹாக்-ஐ முதலில் வந்ததும் அந்த சேனலில்தான், 2001இல் லார்ட்ஸில் பாகிஸ்தானோடு ஆடிய டெஸ்ட்டில். அது நடுவருக்காக வந்தது இல்லை, வீட்டில் பார்க்கிறவருக்கு எல்பிடபிள்யூ புரிய வேண்டும் என்பதற்காக வந்தது. ரொம்ப வருஷம் கழித்துத்தான் அது நடுவர் கைக்குப் போனது. விளக்கியதால் அங்கே யாரும் ஓடிப்போகவில்லை. ஆஸ்திரேலியாவோடு ஆடிய 2005 ஆஷஸ் தொடரை அந்த சேனலில்தான் நாடே உட்கார்ந்து பார்த்தது.

அதற்கும் முன்னால், 1977இல் ஆஸ்திரேலியாவில் டிவி முதலாளி கெர்ரி பேக்கர் தனி கிரிக்கெட் நடத்தியபோது மைதானத்தின் இரண்டு முனையிலும் கேமரா வைத்தார். அதுவரை ஒரு முனையில் மட்டும்தான் பிரதான கேமரா இருக்கும். ஒரு ஓவர் விட்டு ஒரு ஓவர், பேட்ஸ்மேனின் முதுகையும் விக்கெட் கீப்பரின் பின்பக்கத்தையும்தான் ஜனங்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு அதை நினைத்தால் எப்படிப் பொறுத்துக்கொண்டார்கள் என்று தோன்றுகிறது. நாம் இன்றைக்குப் பொறுத்துக்கொண்டிருப்பதையும் நாளைக்கு அப்படித்தான் நினைப்பார்கள் என்று நம்புகிறேன்.

இப்போது அம்மாவுக்கு நான் ஃபீல்டிங் சொல்லிக்கொடுத்த கதை.

கவர், பாயிண்ட், கல்லி, மிட்விக்கெட், ஃபைன் லெக், தேர்டு மேன். இந்தப் பெயர்களில் ஒன்றாவது அந்த இடம் எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கிறதா? ஆங்கிலம் தெரிந்தவருக்கே காட்டிக்கொடுக்காது. தமிழ் வர்ணனையிலும் இதே பெயர்கள்தான், இடையிடையே தமிழ் வினைச்சொல் மட்டும் வரும். முதலில் ஒரு தாளில் வட்டம் போட்டுப் படம் வரைந்து காட்டினேன், அம்மாவுக்கு ஒட்டவில்லை. அப்புறம் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். அவர் பிறந்த வீடு, எட்டயபுரம் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்த பழைய வீடு. பந்து போடுகிறவர் வாசல் வழியாக ஓடி வருகிறார். பேட்ஸ்மேன் முற்றத்தில் நிற்கிறார். விக்கெட் கீப்பருக்குப் பின்னால் கொல்லை. வலது கைக்காரர் என்றால் அவர் நெஞ்சு பார்க்கிற பக்கம், அதாவது டிவியில் நமக்கு இடது பக்கம், அடுப்படி. அவர் முதுகுப் பக்கம் மாட்டுத்தொழு. முடிந்தது! கவர் டிரைவ் என்றால் அடுப்படி ஜன்னல் வழியாக வாசல் பக்கமாகப் போகிற பந்து. தேர்டு மேன் அடுப்படியும் கொல்லையும் சேருகிற மூலை. ஃபைன் லெக் தொழுவும் கொல்லையும் சேருகிற மூலை. அமன்ஜோத் அந்தக் கேட்ச்சைப் பிடித்தது வாசலுக்கும் தொழுவுக்கும் நடுவே, வேலி ஓரமாக.

ஸ்மிருதி மந்தனா ஆட வந்தபோது அம்மாவுக்குக் குழப்பம். இடது கைக்காரர் ஆயிற்றே, அடுப்படி வலது பக்கம் போய்விட்டதே. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஓ, இவங்களுக்கு வீட்டைத் திருப்பிக் கட்டணும்" என்றார். இப்போதெல்லாம் எனக்கு முன்னாலேயே அவர் சொல்லிவிடுகிறார், "கொல்லைப் பக்கம் ஆளே இல்லையே, அங்க தட்டிவிட வேண்டியதுதானே?" பத்து வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில் வராத ஒன்று ஒரே சாயங்காலத்தில் வந்துவிட்டது, வந்ததும் அவர் பார்வையாளராக இல்லாமல் கேப்டனாகிவிட்டார். திரையில் ஒரு மூலையில் சின்னதாக ஒரு வட்டம், அதில் யார் யார் எங்கே நிற்கிறார்கள் என்று புள்ளிகள், ஓவருக்கு ஒரு தடவை பத்து நொடி காட்டினால் போதும். இப்போதும் காட்டுகிறார்கள், ஆனால் எப்போதாவது. விளம்பரம் ஓடுகிற நேரத்தை விடக் குறைவாக.

சொற்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இலங்கைத் தமிழர்கள் பேட்டிங்கைத் துடுப்பாட்டம் என்கிறார்கள், ஃபீல்டிங்கைக் களத்தடுப்பு என்கிறார்கள், அங்கே பத்திரிகையிலும் வானொலியிலும் அது ரொம்பச் சாதாரணமாக வருகிறது. களத்தடுப்பு என்ற சொல்லை முதன்முதலில் கேட்டபோதே எனக்குப் பிடித்துப்போனது, அந்தச் சொல்லே வேலையைச் சொல்லிவிடுகிறது. நம் பக்கம் எல்லாவற்றையும் மாற்றச் சொல்லவில்லை. விக்கெட், ஓவர், ரன், அவுட் எல்லாம் தெருவில் ஆடுகிற பிள்ளைகள் வாயில் தமிழாகவே ஆகிவிட்ட சொற்கள், அதை எதற்குத் தொட வேண்டும்? ஆனால் ஒரு சொல்லைச் சொன்னால் படம் வர வேண்டும். படம் வராத சொல்லாக இருந்தால் பக்கத்தில் நாலு வார்த்தை சேர்த்துச் சொல்ல வேண்டும். "மிட்விக்கெட்ல கேட்ச்" என்பதோடு நிறுத்தாமல் "பேட்ஸ்மேனுக்கு முதுகுப் பக்கம், வேலி ஓரமா" என்று சேர்த்தால் என்ன குறைந்துவிடும்?

2017இல் தமிழுக்கென்றே ஸ்டார் ஸ்போர்ட்ஸ் ஒரு சேனல் தொடங்கியபோது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். 2023 ஐபிஎல்லை ஜியோசினிமா கட்டணம் இல்லாமல் 12 மொழிகளில் காட்டியபோது, போஜ்புரி வர்ணனையைக் கேட்க அந்த மொழி தெரியாதவர்கள்கூடப் போனார்கள், அவ்வளவு கலகலப்பு. வீட்டுப் பேச்சில் கிரிக்கெட்டைக் கேட்க ஜனங்களுக்கு எவ்வளவு ஆசை என்பது அதிலேயே தெரிந்தது. தமிழ் வர்ணனையில் பழைய வீரர்கள் உட்கார்ந்து கலாய்த்துப் பேசுவதும் சினிமா வசனம் சொல்வதும் எனக்கும் பிடிக்கும். அந்தக் கும்பலில் ஒரே ஒருவர், அரட்டையில் சேராமல், அப்துல் ஜப்பார் செய்த வேலையை மட்டும் செய்ய வேண்டும். பந்து, இடம், ரன், ஸ்கோர், நிலைமை. இதற்குத் தேசிய அணியில் ஆடியிருக்க வேண்டியதில்லை, பேசத் தெரிந்தால் போதும். மாவட்ட அளவில் மைக் பிடித்துப் பழகிய எத்தனையோ பேர் ஊர் ஊராக இருக்கிறார்கள். கபடிக்கும் எங்கள் ஊர் ஹாக்கிக்கும் மைக் பிடிப்பவர்களை நான் கேட்டிருக்கிறேன், மரத்தடியில் கடைசியில் நிற்கிறவருக்கும் ஆட்டம் போய்ச் சேரும்.

அடுத்தது, 'அம்பயர்ஸ் கால்', அதாவது களத்து நடுவர் சொன்னதே நிற்கும் என்கிற விதி. இதை விளக்காமல் இந்தப் பதிவை முடித்தால் அம்மா என்னை விடமாட்டார். எல்பிடபிள்யூவுக்கு மேல்முறையீடு போகிறது. திரையில் மூன்று கட்டங்கள், ஆங்கிலத்தில், ஒவ்வொன்றாக நிறம் மாறுகின்றன. பந்து எங்கே குத்தியது, காலில் எங்கே பட்டது, கால் இல்லாவிட்டால் ஸ்டம்பில் பட்டிருக்குமா. மூன்றாவதில் பந்து ஸ்டம்பை உரசுவது போலப் படம் காட்டுகிறது, ஆனால் நாட் அவுட் என்கிறார்கள். அடுத்த வாரம் அதே மாதிரிப் பந்து, அதே மாதிரி உரசல், அவுட் என்கிறார்கள். "ஒரே பந்து, ஒருத்தருக்கு ஒரு நியாயம் இன்னொருத்தருக்கு ஒரு நியாயமா?" என்று அம்மா கோபப்பட்டார், நியாயமான கோபம்தான்.

நான் அடுப்படியிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தையும் கரண்டியையும் எடுத்து வந்தேன். பந்து காலில் பட்டதோடு நின்றுவிடுகிறது, அதற்கு மேல் அது எங்கே போயிருக்கும் என்பது கணிப்பு, நடந்தது இல்லை. கணிப்பில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். அதனால் பழத்தில் பாதிக்கு மேல் கரண்டிமேல் படுவதாகக் கணிப்பு சொன்னால், களத்தில் நிற்கிற நடுவர் என்ன சொல்லியிருந்தாலும் அவுட். பாதிக்கும் குறைவாகப் பட்டால், எந்திரத்துக்கு அவ்வளவு நிச்சயம் இல்லை, களத்து நடுவர் முதலில் என்ன சொன்னாரோ அதுவே நிற்கும். முதலில் அவுட் கொடுத்திருந்தால் அவுட், இல்லையென்றால் இல்லை. அம்மா பழத்தை வாங்கி அவரே கரண்டிமேல் வைத்து நகர்த்திப் பார்த்தார். "அப்ப சந்தேகம் வந்தா பெரிய மனுஷன் சொன்ன சொல்லு நிக்கும்னு வச்சிருக்காங்க, அப்படித்தானே?" அப்படியேதான்! மேல்முறையீட்டு முறை அதிகாரபூர்வமாக வந்தது 2009இல், பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த மூன்று கட்டங்களில் தமிழில் 'குத்திய இடம்', 'பட்ட இடம்', 'ஸ்டம்ப்' என்று எழுத எவ்வளவு செலவாகும்?

மழைக்கணக்கு இதைவிட மோசம். 1992 உலகக் கோப்பை அரையிறுதியில் சிட்னியில் தென்னாப்பிரிக்காவுக்கு 13 பந்தில் 22 ரன் வேண்டியிருந்தது, பத்துப் பன்னிரண்டு நிமிஷ மழை, திரும்பி வந்தால் ஒரே பந்து பாக்கி. அந்த அநியாயத்துக்குப் பிறகுதான் டக்வொர்த், லூயிஸ் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் கண்டுபிடித்த கணக்கு வந்தது, 1997இலிருந்து பயன்படுத்துகிறார்கள். கணக்கு நல்ல கணக்கு. ஆனால் அதை யாரும் சொல்லித்தருவதில்லை. ஆடுகிறவர்களுக்கே குழப்பம் வந்திருக்கிறது. 2003 உலகக் கோப்பையில் டர்பனில், மழைக்கு நடுவே இலங்கை எடுத்த ரன்னைத் தென்னாப்பிரிக்கா துரத்துகிறது. தாளில் இருந்த எண் 229. அதை ஜெயிக்கத் தேவையான எண் என்று நினைத்துக்கொண்டு மார்க் பவுச்சர் முரளிதரனின் ஐந்தாவது பந்தில் சிக்ஸர் அடித்துவிட்டுக் கடைசிப் பந்தைத் தடுத்து வைத்தார். உண்மையில் 229 சமனுக்கான எண், இன்னும் ஒன்று வேண்டும். ஆட்டம் டை, சொந்த நாட்டில் நடந்த உலகக் கோப்பையிலிருந்து அவர்கள் வெளியே போனார்கள். ஒரு தாளைப் படித்துச் சொல்வதில் வந்த தவறு.

அம்மாவுக்கு நான் இதைச் சொன்னது வீட்டுச் செலவை வைத்து. ஆடுகிற அணிக்குக் கையிருப்பு இரண்டு: மிச்சம் இருக்கிற ஓவர், மிச்சம் இருக்கிற விக்கெட். மாதத்தில் மிச்சம் இருக்கிற நாளும் பர்ஸில் மிச்சம் இருக்கிற பணமும் மாதிரி. முப்பது நாளுக்கென்று சிக்கனமாகச் செலவு பண்ணிக்கொண்டு வருகிறவரிடம் இருபதாம் தேதியே மாதம் முடிந்துவிட்டது என்று சொன்னால் அவர் பர்ஸில் பணம் செலவாகாமலே நின்றுவிடும். முன்னமே தெரிந்திருந்தால் தாராளமாகச் செலவு பண்ணியிருப்பார். முதலில் ஆடின அணிக்கு நடுவில் ஓவர் குறைந்தால் இதுதான் ஆகிறது. அதனால்தான் சில சமயம் அவர்கள் எடுத்ததை விட அதிகமாக எதிரணிக்கு இலக்கு வைக்கிறார்கள். பல பேர் இதைப் பார்த்துவிட்டுச் சூதாட்டம் என்கிறார்கள், எனக்கு வருத்தமாக இருக்கும். சூது இல்லை. யாரும் சொல்லாமல் விட்டதுதான். மழை நேரத்தில் வர்ணனையாளர்களுக்கு வேறு வேலையே இல்லையே, பழைய ஆட்டத்தின் ஹைலைட்ஸ் போடுவதற்கு முன்னால் ஐந்து நிமிஷம் இதைச் சொல்லலாமே.

மதுரையில் என் கல்லூரித் தோழி ஒருத்தி இருக்கிறாள், பள்ளி ஆசிரியை, பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. கிரிக்கெட் பைத்தியம். விடுதியில் எங்கள் அறையில் டிவி ஓடும்போது நான்தான் அவளுக்கு ரேடியோ. டிவியில் அவளுக்கு எது கஷ்டம் தெரியுமா? ரீப்ளே. மட்டையில் படுகிற சத்தம் கேட்கும், கூட்டம் கத்தும், இன்னொரு விக்கெட் விழுந்துவிட்டது என்று நினைப்பாள். நாலு நிமிஷத்துக்கு முன்னால் நடந்ததைத் திரும்பக் காட்டுகிறார்கள் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். 'மறுபடி பார்க்கலாம்' என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும் என்பாள். ஜிம்பாப்வேயைச் சேர்ந்த டீன் டு பிளெசிஸ் பிறவியிலேயே பார்வை இல்லாதவர், ஸ்டம்ப் மைக்கில் கேட்கிற காலடிச் சத்தத்தையும் மட்டையில் படுகிற ஓசையையும் வைத்தே யார் பந்து போடுகிறார், பந்து எப்படிப் போனது என்று சொல்லி சர்வதேச ஆட்டங்களுக்கு வர்ணனை செய்தவர். அவரைப் பற்றி நான் வாசித்துக் காட்டியபோது அவள் ஆச்சரியப்படவில்லை. "நானும் அப்படித்தான கேக்குறேன், என் காதுல அரட்டை வந்து மறைக்காம இருந்தாச் சரி" என்றாள்.

பார்வையற்றோருக்கான உலகக் கோப்பை 2002இல் சென்னையில்தான் நடந்தது. உள்ளே சலங்கை மாதிரிக் கலகலக்கிற பந்தில் ஆடுவார்கள். பார்வை இல்லாமல் ஆடவே முடிகிற ஆட்டத்தைப் பார்வை இல்லாதவர் கேட்டுப் புரிந்துகொள்ள வழி செய்வதா பெரிய காரியம்? 2024 ஐபிஎல்லில் சைகை மொழியோடும், காட்சியை வாயால் விவரிக்கிற வர்ணனையோடும் தனி ஒளிபரப்பு ஒன்று கொண்டுவந்தார்கள், மனசார வரவேற்றேன். அது எல்லாத் தொடருக்கும், நல்ல தமிழில், ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் வருகிற மாதிரி வர வேண்டும். வந்தால் அது அவளுக்கு மட்டும் உதவாது. அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டே கேட்கிறவருக்கும், பஸ் ஓட்டுகிறவருக்கும், கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொண்ட எங்கள் பெரியப்பாவுக்கும் அதுதான் வேண்டும்.

கடைசியாகக் காசு விஷயம். மேலே சொன்னதெல்லாம் ஆட்டம் வீட்டுக்குள் வந்த பிறகுதானே. 1995இல் உச்ச நீதிமன்றம் ஒரு கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கில்தான் வானலைகள் பொதுச் சொத்து என்று தீர்ப்பு சொன்னது. 2007இல் ஒரு சட்டம் வந்தது, தேசிய முக்கியத்துவம் உள்ள ஆட்டங்களின் ஒளிபரப்பைத் தனியார் சேனல்கள் தூர்தர்ஷனை நடத்துகிற பிரசார் பாரதியோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று. அதனால்தான் இந்தியா ஆடுகிற பல ஆட்டங்கள் தூர்தர்ஷனில் வருகின்றன. ஆனால் 2017இல் வந்த தீர்ப்பின்படி அந்த ஒளிபரப்பு தூர்தர்ஷனின் சொந்த ஆன்டெனா வழியாகவும் அதன் இலவச டிஷ் சேவையான ஃப்ரீ டிஷ் வழியாகவும் மட்டும்தான் போகலாம், கேபிளுக்குப் போகக் கூடாது. உரிமையைப் பல கோடி கொடுத்து வாங்கியவர்களின் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் தெருவில் பாதி வீட்டில் கேபிள்தான், மாதாமாதம் காசு கட்டுகிறார்கள், அவர்கள் தூர்தர்ஷனைப் போட்டால் ஆட்ட நேரத்தில் வேறு ஏதோ ஓடுகிறது. ஏன் என்று திரையில் ஒரு வரி எழுதிக்கூடப் போடுவதில்லை. ஃப்ரீ டிஷ் வாங்கினால் மாதக் கட்டணம் கிடையாது, ஒரு தடவை குடையும் பெட்டியும் வாங்கினால் போதும் என்பதே பலருக்குத் தெரியாது. நான் சொல்லி மூன்று வீட்டில் வாங்கியிருக்கிறார்கள்.

அந்த ராத்திரிக்கே திரும்பி வருகிறேன். வோல்வார்ட் போன பிறகு நான் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டேன். ஃபோனில் மதுரைத் தோழியை ஸ்பீக்கரில் போட்டு, அம்மாவுக்கும் அவளுக்கும் சேர்த்து ஒவ்வொரு பந்தாகச் சொல்ல ஆரம்பித்தேன். யார் போடுகிறார், எங்கே அடித்தார், எத்தனை, இன்னும் எத்தனை வேண்டும். தொண்டை கட்டிப்போனது. கடைசி விக்கெட்டுக்கு நடீன் டி கிளர்க் அடித்த பந்து உயரே போக, ஹர்மன்ப்ரீத் கவுர் பின்னாலேயே ஓடினார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா ஃபோன் பக்கம் குனிந்து சத்தமாகச் சொன்னார்: "அடுப்படிப் பக்கம் தூக்கி அடிச்சிருக்கா, நம்ம கேப்டன் பின்னாலயே ஓடுறா, ஓடுறா, பிடிச்சிட்டா!"